வெயிலைச் சேர்த்துவைத்து ஓடும் குட்டி இயந்திரங்கள்

3 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள ஒரு சோலார் பேனலைப் பழைய செல்போனின் அதிர்வு மோட்டாரோடு நேராக இணைத்து, ஒரு குட்டி வண்டியில் பொருத்தி மேசை விளக்கின் கீழ் வையுங்கள். பெரும்பாலும் அது அசையாது. உச்சி வெயிலில் வைத்தால்கூட மோட்டார் சும்மா சுழலலாம், வண்டியை இழுக்கத் திணறும். பேனல் பழுதென்று பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். பேனலில் குறை எதுவும் இல்லை. ஒளியின் வரவும் மோட்டாரின் செலவும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் பார்த்தால் புரியும். தெளிவான நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். நம் பேனலின் பரப்பு 9 சதுர செ.மீ., அதன்மேல் விழுவது 0.9 வாட். பேனல் 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக மாற்றித் தந்தாலும் கைக்குக் கிடைப்பது சுமார் 100 மில்லிவாட். 3 வோல்ட்டில் அது 33 மில்லி ஆம்பியர். இதே பேனல் 500 லக்ஸ் வெளிச்சமுள்ள அறைக்குள் வந்தால் 40 மைக்ரோ ஆம்பியர் கொடுத்தாலே பெரிது. நம் கண் அறை வெளிச்சத்தையும் வெயிலையும் ஏறக்குறைய சமமாகப் பழகிக்கொள்வதால் இந்த நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம் தெரிவதே இல்லை. மோட்டார் பக்கம் நிலைமை வேறு. சுருளின் மின்தடை 10 ஓம் என்றால், நின்ற நிலையிலிருந்து 2.7 வோல்ட்டில் கிளம்பும்போது அது 270 மில்லி ஆம்பியர் கேட்கும். ஓடத் தொடங்கியபின் 15 அல்லது 20 போதும். இடர்ப்பாடு முதல் உந்தலில்தான்.

அதற்கான தீர்வு சிறுவாடு சேர்ப்பது போன்றது: கொஞ்சம் கொஞ்சமாக வருவதை ஒரு கெபாசிட்டரில் சேர்த்துவைத்து, போதுமான அளவு சேர்ந்ததும் மொத்தமாக எடுத்துச் செலவழிப்பது. சேர்ந்துவிட்டது என்று கண்டறிந்து கதவைத் திறக்கும், தீர்ந்ததும் மூடும் சிறு சுற்றுக்கு 'சோலார் எஞ்சின்' என்று பெயர். பெயரில்தான் எஞ்சின், உள்ளே இருப்பது ஒரு வோல்டேஜ் காவலாளி.

இதைப் பரப்பியவர் மார்க் டில்டன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தொடங்கி, பின்னர் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் தொடர்ந்தவர். 2004-இல் வெளிவந்து பெருமளவில் விற்ற 'ரோபோசேப்பியன்' பொம்மையும் அவர் வடிவமைத்ததுதான். கணினிச் சில்லும் நிரலும் இல்லாமல், மின்சாரத்தைத் திறந்து மூடும் நாலைந்து டிரான்சிஸ்டர்களை வைத்தே பூச்சியைப் போல நகரும் கருவிகளைச் செய்யலாம் என்பது அவர் வாதம். உயிரியல், மின்னணுவியல், அழகியல், இயந்திரவியல் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இந்த வகைக்கு 'பீம்' என்று பெயரிட்டார்கள். ஒரு மீட்டர் தூரத்தை யார் வண்டி முதலில் கடக்கிறது என்ற 'சோலாரோலர்' பந்தயம் இந்த வட்டாரத்தில் பிரபலம். அதில் வெல்வது பெரும்பாலும் சக்தி வாய்ந்த வண்டி அல்ல, வீணாக்காத வண்டி.

கதவு எப்படித் திறக்கிறது

பல வடிவங்கள் இருந்தாலும் கற்றுக்கொள்ள ஏற்றது சிமிட்டும் எல்இடி வைத்த சுற்று. டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என மூன்று கால்கள்; பேஸில் ஓடும் சிறு மின்சாரம் மற்ற இரண்டுக்கும் இடையே பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும். பேஸை மைனஸ் பக்கம் இழுத்தால் திறப்பது பிஎன்பி, பிளஸ் பக்கம் இழுத்தால் திறப்பது என்பிஎன். தேவைப்படுவன: ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர், ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர், 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், தானாகச் சிமிட்டும் சிவப்பு எல்இடி, 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், மோட்டார், பேனல்.

பேனலின் பிளஸ், மைனஸ் இரண்டும் கெபாசிட்டரின் பிளஸ், மைனஸுக்குப் போகட்டும். பிஎன்பியின் எமிட்டர் பிளஸ் பக்கம், என்பிஎன்னின் எமிட்டர் மைனஸ் பக்கம். பிஎன்பியின் கலெக்டரை என்பிஎன்னின் பேஸோடு இணைக்க வேண்டும். மோட்டாரின் ஒரு கம்பி பிளஸுக்கு, மறு கம்பி என்பிஎன்னின் கலெக்டருக்கு. அந்தக் கலெக்டரிலிருந்து ரெசிஸ்டர் வழியாகப் பிஎன்பியின் பேஸுக்கு ஓர் இணைப்பு. கடைசியாக, எல்இடியின் நீண்ட கால் பிஎன்பியின் பேஸில், குட்டைக் கால் மைனஸில். சுற்று இவ்வளவுதான்.

வோல்டேஜ் குறைவாக இருக்கும்வரை எல்இடி வழியே மின்சாரம் போகாது; இரண்டு டிரான்சிஸ்டர்களும் உறங்கும். கெபாசிட்டர் 2.5 முதல் 2.7 வோல்ட்டை எட்டும்போது எல்இடி கடத்தத் தொடங்குகிறது. எல்இடிக்கு வேண்டியது ஏறத்தாழ 2 வோல்ட், பிஎன்பியின் எமிட்டர்-பேஸ் சந்திக்கு 0.6, இரண்டும் சேர்ந்ததே அந்த எல்லை. பிஎன்பி விழிக்கிறது, என்பிஎன்னை எழுப்புகிறது, மோட்டார் ஓடுகிறது. அந்தக் கணத்தில் என்பிஎன்னின் கலெக்டர் மைனஸ் பக்கம் இறங்கிவிடுவதால், ரெசிஸ்டர் பிஎன்பியின் பேஸைக் கீழே பிடித்துக்கொள்கிறது. இனி எல்இடி அணைந்தாலும் பரவாயில்லை. கெபாசிட்டர் ஏறக்குறைய 0.8 அல்லது 0.9 வோல்ட்டுக்கு வடிந்த பிறகே பிடி தளர்ந்து எல்லாம் அணையும். மறுபடி சேமிப்பு தொடங்கும்.

ரெசிஸ்டரின் இந்தப் பிடிதான் சுற்றின் உயிர். அது இல்லாவிட்டால், மோட்டார் இழுத்ததும் வோல்டேஜ் சற்று இறங்கும், எல்இடி அணையும், மோட்டார் நிற்கும், வோல்டேஜ் ஏறும், மறுபடி எரியும். மோட்டார் நடுங்குமே ஒழிய நகராது.

ஒருமுறை திறந்து மூடும்போது எவ்வளவு ஆற்றல் கிடைக்கிறது? 2.7-இலிருந்து 1 வோல்ட்டுக்கு இறங்குவதாக வைத்துக்கொண்டால், 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் தருவது சுமார் 15 மில்லிஜூல். இதை நிரப்ப 8 மில்லிகூலம் மின்னூட்டம் வேண்டும். வெயிலில் 33 மில்லி ஆம்பியர் வந்தால் கால் நொடியில் நிரம்பும். அறை வெளிச்சத்தின் 40 மைக்ரோ ஆம்பியரில் 200 நொடி ஆகும், அதுவும் ஒரு துளிகூடக் கசியாமல் இருந்தால். மோட்டார் அந்த 15 மில்லிஜூலை ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் தின்றுவிடும்.

பாகங்களைத் தேர்ந்தெடுப்பது

வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது மோட்டார்தான். பொம்மைக் கார்களில் வரும் 130 வகை மோட்டார் எளிதில் கிடைக்கும் என்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். அதன் சுருள் மின்தடை ஓரிரு ஓம்தான். கெபாசிட்டரின் மொத்தச் சேமிப்பையும் குடித்துவிட்டு ஒருமுறை சிலிர்க்கும், அவ்வளவே. மல்டிமீட்டரில் மோட்டாரின் இரு முனைகளை அளந்து, 10 ஓமுக்குக் குறைந்ததை ஒதுக்கிவிடுங்கள். தண்டை மெதுவாகத் திருப்பி அளப்பது நல்லது. சுருளுக்கு மின்சாரத்தை மாற்றிமாற்றித் தரும் கம்யூட்டேட்டரின் இடைவெளியில் நின்றால் எண் தப்பாக வரும். பழைய பட்டன் செல்போன்களிலும் பேஜர்களிலும் இருந்த உருளை வடிவ அதிர்வு மோட்டார் மிகப் பொருத்தம். தண்டிலுள்ள அரைவட்ட எடையைக் குறடால் பிடித்துக் கழற்ற வேண்டும். மோட்டாரின் உடலைப் பிடித்து இழுத்தால் உள்ளே உள்ள நூலிழை போன்ற பிரஷ் வளைந்துபோகும். தண்டைப் பிடித்தபடி எடையை மட்டும் இழுங்கள். காசு வடிவ அதிர்வு மோட்டார்களுக்கு வெளியே தண்டே கிடையாது, அவை இதற்கு உதவாது.

பேனலில் கவனிக்க வேண்டியது வோல்டேஜ். எல்இடி சுற்று 2.7 வோல்ட்டில் திறக்கிறது என்றால், பேனல் அதைத் தாண்டி ஏறும் வல்லமையோடு இருக்க வேண்டும். ஒரு சிலிக்கன் செல் அரை வோல்ட்டை ஒட்டித் தரும். ஆகவே குறைந்தது ஆறு செல்கள் வரிசையாக வேண்டும், எட்டு இருந்தால் நிம்மதி. மலிவான தோட்ட விளக்குகளில் உள்ள பேனல் 1.2 வோல்ட் பேட்டரிக்காகச் செய்யப்பட்டது, பெரும்பாலும் 2 வோல்ட்தான். அதில் இரண்டை வரிசையாக இணைத்தால் வேலை நடக்கும், ஒன்று மட்டும் இருந்தால் சுற்று என்றைக்கும் திறக்காது. நிழல் இன்னொரு பகை. வரிசை இணைப்பில் ஒரு செல்மேல் ஒரு கம்பியின் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் மின்னோட்டமும் அந்த ஒரு செல்லின் அளவுக்குச் சுருங்கிவிடும். பேனலைக் காட்டிலும் உயரமாகக் கெபாசிட்டரை நிறுத்தி, அதன் நிழலிலேயே பேனலைக் கிடத்தி அழகுபார்ப்பவர்கள் உண்டு.

டிரான்சிஸ்டரில் நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பவை பிசி547, பிசி557. அவை 100 மில்லி ஆம்பியருக்கானவை. மோட்டார் கிளம்பும் கணத்தில் அதை மீறும். அதே விலையை ஒட்டி வரும் பிசி337 (என்பிஎன்), பிசி327 (பிஎன்பி) ஜோடியே மேல். வெளிநாட்டு வரைபடங்கள் 2என்3904, 2என்3906 என்று சொல்லும். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், அவற்றின் கால் வரிசை இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி வரிசையில் கலெக்டர், பேஸ், எமிட்டர். படத்தைப் பார்த்து அப்படியே சால்டர் செய்தால் தலைகீழாகப் போகும். வேலை செய்யாத சுற்றுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சிமிட்டும் எல்இடியா, சாதா எல்இடியா என்பதைக் கண்ணாலேயே அறியலாம்: சிமிட்டும் வகையில் ஒளி தரும் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கரிய சில்லு தெரியும். வண்ணம் மாறிமாறி எரியும் வகையை வாங்காதீர்கள்.

கெபாசிட்டர் விஷயத்தில் பேராசை கூடாது. 'சூப்பர் கெபாசிட்டர்' போட்டால் நிறையச் சேருமே என்று தோன்றும். மெமரி பேக்கப்புக்கான 5.5 வோல்ட் காசு வடிவ வகைக்கு உள் மின்தடையே பத்துக்கணக்கான ஓம். 10 ஓம் மோட்டாரை அதில் மாட்டினால் வோல்டேஜில் பெரும்பங்கு கெபாசிட்டருக்குள்ளேயே தொலைந்துபோகும். உள் மின்தடை குறைந்த 1 ஃபாரட் வகையும் கிடைக்கிறது. ஆனால் 33 மில்லி ஆம்பியர் வெயிலில்கூட அதை 1-இலிருந்து 2.7 வோல்ட்டுக்கு ஏற்ற ஐம்பது நொடிக்கு மேல் ஆகும். அதன் உச்ச வரம்பும் பெரும்பாலும் அதே 2.7 வோல்ட்தான் என்பதால், சுற்று திறக்கத் தவறினால் பேனல் அதைத் தாண்டி ஏற்றிக் கெடுத்துவிடும்.

ஓடாதபோது

பேனலோடு மல்லுக்கட்டும் முன் சுற்றை மட்டும் தனியே சோதித்துவிடுவது நல்லது. பேனலின் இடத்தில் மூன்று ஏஏ பேட்டரிகளை வரிசையாக, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இணையுங்கள். முதல்முறை நாலு நொடியில், பிறகு மூன்று நொடிக்கு ஒருமுறை மோட்டார் துள்ள வேண்டும். துள்ளினால் சுற்று சரி, குறை பேனலிலோ வெளிச்சத்திலோ. துள்ளாவிட்டால் கெபாசிட்டரின் வோல்டேஜை அளந்துகொண்டே காத்திருங்கள். 4 வோல்ட்டைத் தாண்டி ஏறினால் எல்இடி தலைகீழாக இருக்கிறது அல்லது பிஎன்பி தப்பாக இருக்கிறது. 1 வோல்ட்டுக்குக் கீழேயே நின்றால் ஏதோ ஒரு டிரான்சிஸ்டர் எப்போதும் திறந்திருக்கிறது. கால்களை மாற்றிச் சால்டர் செய்ததன் அடையாளம் பெரும்பாலும் அது.

சுற்று சரி, வெயிலில் ஓடுகிறது, அறைக்குள் ஓடவில்லை என்பது அடுத்த புகார். வோல்டேஜை அளந்தால் 2.3 வோல்ட் அருகே ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று நிற்கும். காரணம் ரெசிஸ்டருக்குள் இருக்கிறது. பிஎன்பி விழிக்க அதன் எமிட்டருக்கும் பேஸுக்கும் நடுவில் 0.6 வோல்ட் விழ வேண்டும். மோட்டார் வழியாகப் பிளஸோடு சேர்ந்திருக்கும் 2.2 கிலோ ஓமில் அவ்வளவு விழ, எல்இடி சுமார் 0.27 மில்லி ஆம்பியரை இழுக்க வேண்டும். பேனல் தருவதே 0.04 என்றால், வருவது முழுவதும் எல்இடி வழியே கசிந்துவிடும், எல்லையை எட்டவே எட்டாது. ரெசிஸ்டரை 10 கிலோ ஓம் ஆக்கினால் தேவை 0.06 மில்லி ஆம்பியராகக் குறையும்; 0.04-க்கு அதுவும் அதிகம்தான், ஆனால் வெளிச்சம் சற்றுக் கூடினால் போதும். இன்னொரு ஆதாயமும் உண்டு: மோட்டார் ஓடும்போது பிஎன்பி வழியாக என்பிஎன்னின் பேஸுக்குள் வீணாகப் பாயும் மின்சாரமும் குறையும். 2.2 கிலோ ஓமில், டிரான்சிஸ்டரின் பெருக்கம் 100 என்று கொண்டால், அந்த வீண் செலவு மட்டும் 80 மில்லி ஆம்பியர் வரை போகும். என் கணிப்பில் அதிர்வு மோட்டாருக்கு 2.2 கிலோ ஓம் என்பது பழக்கத்தால் தொடரும் எண், 4.7-இல் தொடங்கி 10 வரை முயல்வதே சரி.

உண்மையிலேயே மங்கிய வெளிச்சத்தில் ஓட வேண்டுமானால் எல்இடியை விட்டுவிட்டு வோல்டேஜ் டிடெக்டர் சில்லுக்கு மாற வேண்டும். பீம் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தியது பானசோனிக்கின் 1381. டிரான்சிஸ்டர் போல மூன்றே கால்கள். ஒரு மைக்ரோ ஆம்பியரை ஒட்டிய செலவு. எந்த வோல்ட்டில் திறக்கும் என்பதைப் பெயரின் கடைசி எழுத்து சொல்லும். அதன் உற்பத்தி நின்றுவிட்டது. மாற்றாக மைக்ரோசிப்பின் டிசி54 போன்றவை கிடைக்கின்றன. வாங்கும்போது வெளியீடு மேலேயும் கீழேயும் தானே இழுக்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். கீழே மட்டும் இழுக்கும் 'ஓப்பன் டிரெய்ன்' வகை டிரான்சிஸ்டரின் பேஸைத் தானாக உயர்த்தாது. இந்தச் சில்லுகள் திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்ளும் குணமுள்ளவை என்பதால், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடும் ஒரு சிறு கெபாசிட்டரும் சேர்த்து, பெரிய கெபாசிட்டர் வடிந்தாலும் சில்லு சற்று நேரம் பழைய வோல்டேஜையே பார்க்கும்படி ஏமாற்றுவார்கள். 'மில்லர் எஞ்சின்' என்பது இந்த உத்திதான். சிறு கெபாசிட்டரின் அளவை மாற்றினால் துள்ளலின் நீளம் மாறும்.

இதற்கு நேர்மாறான கோளாறு, கடும் வெயிலில் பூட்டிக்கொள்வது. மோட்டார் நிற்கிறது, கெபாசிட்டரிலும் ஒரு வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, ஆனால் எதுவும் நடப்பதில்லை. சுற்று மூடவே இல்லை. பேனலிலிருந்து வருவதெல்லாம் நின்றுபோன மோட்டார் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. பேனலின் முழு வெயில் மின்னோட்டத்தை மோட்டாரின் மின்தடையால் பெருக்கிப் பாருங்கள். 33 மில்லி ஆம்பியரும் 10 ஓமும் என்றால் 0.33 வோல்ட், பிடி தானாகத் தளர்ந்துவிடும். அதே பேனலோடு 40 ஓம் டேப்ரெக்கார்டர் மோட்டாரை மாட்டினால் 1.3 வோல்ட், பிடி தளராது. மோட்டாரை மாற்றுங்கள் அல்லது பேனலைச் சிறிதாக்குங்கள்.

கெபாசிட்டரின் கசிவு பலருக்கு நினைவிலேயே வராது. சாதாரண எலெக்ட்ரோலிடிக் வகைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்சக் கசிவு, மைக்ரோஃபாரட்டையும் வோல்ட்டையும் பெருக்கி நூறில் ஒரு பங்கு எடுத்தால் வரும் மைக்ரோ ஆம்பியர். 4700 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 300. நடைமுறையில் மிகக் குறைவாகவே கசியும் என்றாலும், ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த கெபாசிட்டர் மோசமாகக் கசியும். பேட்டரியோடு ரெசிஸ்டர் வழியாக இணைத்து ஒரு நாள் வைத்துவிட்டால் உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் மறுபடி தேறி, கசிவு குறையும்.

உடலமைப்பு

மூன்று வடிவங்கள் காலத்தால் நிலைத்தன. 'சிமெட்' என்பதில் மோட்டாரின் தண்டு தரையைத் தொட, அதைச் சுற்றிலும் கெபாசிட்டர்கள் சமச்சீராக நிற்கும். ஒவ்வொரு துள்ளலுக்கும் எங்காவது நகர்ந்து, சுவரில் முட்டினால் புரண்டு வேறு பக்கம் போகும். திசை அறியாது, சிக்கிக்கொள்ளவும் செய்யாது. 'ஃபோட்டோபாப்பர்' என்பதில் இரண்டு மோட்டார், இரண்டு எஞ்சின், இரண்டு ஒளி உணரிகள். எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ அதற்கு எதிர்ப்பக்க மோட்டார் முதலில் துள்ளுமாறு அமைத்தால் வண்டி வெளிச்சத்தை நோக்கித் திரும்பும். வெளிச்சத்தைத் தேடிப்போவது அதன் சாப்பாட்டைத் தேடிப்போவதே.

மூன்றாவது சோலாரோலர், நேராக ஓடும் வண்டி. மோட்டார் தண்டின்மேல் ஒயரின் பிளாஸ்டிக் உறையைச் செருகி, அதைச் சக்கரத்தின் விளிம்பில் உரசவிடுவது வழக்கம். பெரிய சக்கரம் போட்டால் கியர் போல விசை கூடும் என்று நினைப்பது தவறு. உறையின் வெளிப்பரப்பு என்ன வேகத்தில் ஓடுகிறதோ அதே வேகத்தில்தான் விளிம்பும் ஓடும், வண்டியும் போகும். சக்கரத்தின் அளவு அதை மாற்றாது. விசை கூட வேண்டுமானால் ஒரே அச்சில் பெரிய தட்டு ஒன்றையும் சிறிய சக்கரம் ஒன்றையும் பொருத்தி, தண்டைப் பெரிய தட்டில் உரசவிட வேண்டும். பழைய சிடி நல்ல தட்டு. உரசல் அழுத்தம் அதிகமானால் மோட்டாரின் தாங்கியிலேயே ஆற்றல் கரையும், குறைந்தால் வழுக்கும். மெல்லிய எஃகுக் கம்பியால் மோட்டாரைத் தொங்கவிட்டு, வளைத்து வளைத்துச் சரிசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

சேமிக்க முடியாதவை

தரையில் ஓடுவதற்கு இப்படிக் காத்திருந்து துள்ளலாம். பறப்பதற்கு அது கூடாது. காத்திருக்கும் நேரத்தில் விழுந்துவிடும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ரோபோபீ எக்ஸ்-விங் 2019-இல் கம்பி இணைப்பின்றிப் பறந்தபோது அதன் எடை 259 மில்லிகிராம், தேவைப்பட்ட மின்சாரம் 110 முதல் 120 மில்லிவாட். இயல்பான வெயிலைப்போல் மூன்று மடங்கு ஒளி பாய்ச்ச வேண்டியிருந்தது. பறந்ததோ அரை நொடிக்கும் குறைவு. 2024-இல் சீனாவின் பெய்ஹாங் பல்கலைக்கழகம் காட்டிய கூலம்ஃப்ளை 4.21 கிராம் எடையோடு இயற்கை வெயிலிலேயே ஒரு மணி நேரம் மிதந்தது. சுருள் மோட்டாரை அவர்கள் கைவிட்டார்கள். அதற்குப் பதில் அவர்கள் எடுத்துக்கொண்ட, மின்னூட்டங்களின் ஈர்ப்பாலும் விலக்கலாலும் சுழலும், பல ஆயிரம் வோல்ட் என்ற அளவில் இயங்கும் மின்நிலையியல் மோட்டாரில் மின்னோட்டம் மிகக் குறைவு, சுருளில் சூடாகிக் கரையும் ஆற்றலும் அதனால் குறைவு. பேனல் தரும் 4.5 வோல்ட்டை 9 கிலோவோல்ட் வரை ஏற்றும் சுற்றையும் 1.13 கிராமுக்குள் அடக்கினார்கள்.

இன்னும் சிறிதானால் சேமிப்பின் தேவையே மறைந்துபோகிறது. கார்னெல், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட நடக்கும் கருவிகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. 4 அங்குலச் சிலிக்கன் தகடு ஒன்றில் பத்து லட்சத்துக்கு மேல் செய்யலாம். 7 நானோமீட்டர் தடிமனுள்ள பிளாட்டினக் கால்கள் வளைய 200 மில்லிவோல்ட் போதும், பேனலிலிருந்தே நேராகக் கிடைத்துவிடுகிறது. முன்கால், பின்கால் பேனல்கள்மேல் மாறிமாறி லேசர் ஒளியைப் பாய்ச்சி அவற்றை நடத்தினார்கள். 2022-இல் கார்னெல் குழு அந்த மாறிமாறி இயக்கும் வேலையை உள்ளேயே ஒரு கடிகாரச் சுற்றிடம் ஒப்படைத்தது. ஒளி சீராக விழுந்தாலே 100 முதல் 250 மைக்ரோமீட்டர் அளவுள்ள கருவி தானே அடியெடுத்து வைக்கும். பிளாட்டினத்தின்மேல் அயனிகள் ஒட்டிப் பிரிவதால்தான் அந்தக் கால்கள் வளைகின்றன. ஆகவே இவை நடப்பது உப்புக் கரைசல் போன்ற திரவத்துக்குள் மட்டுமே. உலர்ந்த மேசைமேல் ஓட இன்னும் கெபாசிட்டரும் மோட்டாரும்தான்.